மக்களே என்றால் ஒரு பிள்ளை

சனி

இரண்டே கால் வயதுப் பிள்ளையோடு இரவு ரயில் வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். கேட்கவில்லை. ஐந்து வயதுக்குள் இருந்தால் டிக்கெட் தேவையில்லை, தனி பெர்த் கேட்காதவரை. நாங்களும் கேட்கவில்லை. அந்தச் சேமிப்பின் பலனை விழுப்புரம் தாண்டியதும் அனுபவித்தேன். பாப்பா கீழ் பெர்த்தில் குறுக்காகப் படுத்துக்கொண்டாள். எனக்குக் கிடைத்தது ஓரமாக ஒன்றரைச் சாண். மேலே கணவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். அவர் சொந்த ஊருக்குப் போகிறவர், தூங்கலாம்.

ரயில் ஒரு மணி நேரம் தாமதம். அதில் ஒரு லாபம்: ஆரல்வாய்மொழி வரும்போது நன்றாக விடிந்திருந்தது. இரண்டு பக்கமும் மலை, நடுவே கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு புகுந்துதான் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் அதுதான் காரணம். ஜூன் மாதம், காற்று நல்ல வேகம். பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"ஃபேன்."

கொஞ்ச தூரம் போனதும், "பெரிய ஃபேன்."

இன்னும் கொஞ்ச தூரம் போய், மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஆஃப் பண்ணு."

நாகர்கோவில் ஜங்ஷனில் மாமனார் பக்கத்து வீட்டுக் காரோடு வந்து நின்றார். பேத்தியைப் பார்த்தது அவளுடைய முதல் பிறந்தநாளில். கையை நீட்டிக்கொண்டு, "பாட்டாவ ஓர்ம இருக்கா மக்களே?" என்றார். அவள் என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. திருச்சியில் என் அப்பா அவளுக்குத் தாத்தா. பாட்டா என்பது எங்கள் வீட்டில் காலில் போடும் செருப்பு. ஓர்மை என்றால் ஞாபகம் என்பது எனக்கே கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். அப்புறம் இந்த 'மக்களே'. முதல் முறை மாமனார் என்னைப் பார்த்து "வாங்க மக்களே" என்றபோது பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தவள் நான். இந்த ஊரில் ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிடவும் மக்களேதான். மருமகளுக்கும் அதேதான்.

மணிமேடை, தக்கலை எல்லாம் தாண்டி குலசேகரம் பக்கம் வீடு வந்து சேரும்போது மணி எட்டரை. மீதியை நாளை எழுதுகிறேன். கண் சொருகுகிறது.

ஞாயிறு

இன்று எங்கேயும் போகவில்லை. ஆனாலும் எழுத நிறைய இருக்கிறது.

காலையில் எழுந்ததும் அத்தை கேட்டது: "பிள்ளைக்கு வெள்ளம் குடுத்தியா?" எங்கள் பக்கம் காவிரி கரை மீறினால் அது வெள்ளம். இங்கே டம்ளரில் இருப்பதும் வெள்ளம். பாப்பா திண்ணையிலிருந்து குதிக்கப் போனால், "சாடாத மக்களே" என்று சத்தம். நான் யாரையும் சாடவில்லையே என்று ஒரு நொடி திகைத்தேன். சாடுவது என்றால் குதிப்பது. பலாப்பழம் சக்கை. மெதுவாக என்பதற்குப் பைய. பாப்பாவின் இருப்பில் மொத்தம் நூறு சொல்கூட இருக்காது, அதில் பாதி எனக்கு மட்டும் புரிகிற ரகம். இந்த வயதில் எது காதில் விழுகிறதோ அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். எட்டு நாளில் எத்தனை ஒட்டிக்கொள்ளும் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். மதியத்துக்குள் "சாட்டே?" என்று அனுமதி கேட்கப் பழகிவிட்டாள். அனுமதி வரும்வரை காத்திருக்கப் பழகவில்லை.

சாப்பாடு. சென்னையில் ஒரு கிண்ணம் சாதத்துக்கு முக்கால் மணி நேரம், இரண்டு பொம்மை, ஒரு பால்கனி வேண்டும். இங்கே மாமனார் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு மட்டிப் பழத்தை உரித்தார், அவள் போய் வாயைத் திறந்தாள். விரல் நீளம்தான் இருக்கும், மெல்லிய தோல், நல்ல மணம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. பிள்ளை பிறந்து திட ஆகாரம் தொடங்கினால் முதலில் கொடுப்பதே இதுதான். அதோடு ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, உலர்த்திப் பொடித்த மாவில் காய்ச்சும் கூழ். பாப்பாவுக்கு ஆறு மாதமானபோது அத்தை அந்தப் பொடியைப் பார்சலில் அனுப்பினார். நான் கடையில் வாங்கிய டப்பாவை நம்பி அதை அலமாரியில் பூச்சி பிடிக்க விட்டேன். இதை இங்கேதான் முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன், அத்தை படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்.

மதியம் சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும். சாளை மீன் அவியல் பெரியவர்களுக்கு. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அதனால் வள்ளத்தில், அதாவது நாட்டுப் படகில், பிடிபடும் மீன்தான் வருகிறது. விலையைக் கேட்டு அத்தை மீன்காரப் பாட்டியிடம் பத்து நிமிஷம் சண்டை போட்டார், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பாப்பாவைக் கொஞ்சினார்கள். சாளையில் முள் அதிகம் என்று நான் தடுத்தேன். அத்தை பதில் சொல்லவில்லை. ஒரு மீனை விரல் நுனியால் நசுக்கி நசுக்கிப் பார்த்து, கால் மணி நேரத்தில் முள் இல்லாத ஒரு சிட்டிகை சதையைக் கஞ்சியில் வைத்து ஊட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னொரு வாய் கேட்டாள்.

ஆனால் நுங்கில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முழுசாகக் கொடுத்தால் வழுக்கித் தொண்டையில் போய் நின்றுகொள்ளும். அது, முந்திரிப்பருப்பு, வேர்க்கடலை எதுவும் முழுசாகக் கிடையாது என்று நின்றேன். "நாங்க மூணு பிள்ள வளத்தோம்" என்றார் அத்தை. சரி, வளர்த்தார்கள். கரண்டியால் மசித்துக் கொடுத்தோம்.

சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் ரப்பர். மழைக்காலத்தில் வெட்டுக்காயத்துக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறார்கள். "மரம் பாவாடை" என்றாள் பாப்பா, நல்ல உவமைதான். மாமனார் இன்னும் சிரட்டையில்தான், எங்கள் ஊர்க் கொட்டாங்குச்சி, ரப்பர் பால் பிடிக்கிறார். காலையில் எடுத்த பிறகும் சொட்டிச் சேர்ந்த பால் ஒரு சிரட்டையில் மிச்சம் இருந்தது. வெள்ளையாக இருப்பது பால், பால் என்றால் குடிப்பது. நல்லவேளை வாய்க்குப் போகும் முன் பிடித்துவிட்டேன். கையிலும் தலையிலும் சட்டையிலும் கொட்டிக்கொண்டாள். கையில் இருந்தது காய்ந்து தோல் மாதிரி உரிந்து வந்தது, அது அவளுக்கு ஒரு விளையாட்டு. தலைக்கு அத்தை தேங்காய் எண்ணெயை ஊற்றி முடி முடியாகப் பிரித்தார். சட்டை போனது போனதுதான். அது என் அம்மா எடுத்துக்கொடுத்த பிறந்தநாள் சட்டை. அதில் ஒட்டுப்பால் படம் வரைந்தது போல் நிற்கிறது.

திங்கள்

திருவிதாங்கூர் அரசர்கள் இருந்த பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம் என்றேன். திங்கட்கிழமை விடுமுறை என்று மாமனார் காப்பாற்றினார். வேறெங்கும் கிளம்பவும் சோம்பல்.

நேற்று எழுதியதற்குக் கணவர் ஒரு திருத்தம் சொல்கிறார். நாகர்கோவில் பக்கம் தண்ணீர், தண்ணீர்தானாம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போகப் போகத்தான் வெள்ளம் வருமாம். திருவிதாங்கூரில் இருந்த பகுதி, 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லையை நகர்த்திவிட்டார்கள், டம்ளரில் இருப்பதன் பெயர் அப்படியே இருக்கிறது.

செவ்வாய்

அரண்மனை.

பிள்ளையோடு போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். எனக்கு அது ஒரு வேலை, பாப்பாவுக்கு அது விடுதலை. உள்ளே தரை கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து இழைத்த தரை என்கிறார்கள். அந்தக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் உள்ளங்காலில் பட்டதும் அவள் நின்றுவிட்டாள். குனிந்து பார்த்தாள். தரையில் இன்னொரு பாப்பா. அடுத்த பத்து நிமிஷம் அரண்மனையின் மர வேலைப்பாடு, மந்திரசாலை ஜன்னல், வழிகாட்டி மலையாளமும் தமிழும் கலந்து சொன்ன மார்த்தாண்ட வர்மா கதை எதுவும் எங்களுக்கு இல்லை. தரையில் இருக்கிற பாப்பாவுக்கு டாட்டா காட்டி முடிக்கும்வரை பின்னால் வந்த கும்பலுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றோம்.

இடம் இருப்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. பராமரிப்பு நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்த வீடு கைக்குழந்தைக்காகக் கட்டப்பட்டதில்லை. செங்குத்தான மரப்படி, இருட்டு, தாழ்ந்த வாசல் நிலை. இடுப்பில் பிள்ளையோடு ஏறும்போது என் தலை ஒரு தடவை இடித்தது, அவள் தலை இடிக்கவில்லை, அது போதும். தள்ளுவண்டி கொண்டுவர நினைக்கிறவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஊட்டுப்புரை அவளுக்குப் பிடித்தது. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நீள மண்டபம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நீளமான காலி இடத்தைக் காட்டினால் என்ன செய்யும்? ஓடினாள். கணவர் பின்னால் ஓடினார். காவலாளி அம்மா முதலில் முறைத்தார், இரண்டாம் சுற்றில் "பைய மக்களே" என்றார், மூன்றாம் சுற்றில் கடைசியில் போய் நின்று பிடித்துக்கொடுத்தார். பக்கத்தில் ஊறுகாய்ப் பரணிகள், பெரிய ஜாடிகள்தான், வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் பாப்பாவையே உட்கார வைக்கலாம். அவளும் அதைத்தான் யோசித்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

மணி அடிக்கும்போது நாங்கள் முற்றத்தில் இருந்தோம். எடைக்கல்லால் ஓடுகிற பழைய கடிகாரம். டாண் என்ற முதல் அடியிலேயே என்னைக் கட்டிப் பிடித்தாள், கடைசி அடியில் "இன்னொண்ணு" என்றாள். இன்னொன்று கேட்க ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பதை விளக்க முடியவில்லை. அழுகை. கூட்டம் முழுக்க எங்களைப் பார்த்தது.

அழுகை நிற்க உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போனோம், பக்கம்தான். வனத்துறை அதைப் பல்லுயிர்ப் பூங்காவாக வைத்திருக்கிறது, மான்கள் உண்டு. 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, இங்கேயே வாழ்ந்து 1777இல் இறந்தார். கல்லறை உள்ளேதான் இருக்கிறது, கூரை இடிந்த ஒரு தேவாலயத்துக்குள். மனைவியும் மகனும் அதே இடத்தில். கல்லில் லத்தீனும் தமிழும். வேறு நாட்டிலிருந்து வந்து, வந்த இடத்துப் பேச்சு காதில் விழ விழப் பிள்ளை வளர்த்த ஒரு வீடு. அந்தப் பையன் அப்பாவை எந்தச் சொல்லால் கூப்பிட்டிருப்பான் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் பாப்பா மான் கூண்டுப் பக்கம் போய், "மக்களே! வா!" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். முதல் முறை. மானைப் பார்த்து.

புதன்

மழை. துணி காயவில்லை. அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயப் போட்டோம், இப்போது பாப்பா முழுக்கப் புகை வாசம். லேசாக மூக்கு ஒழுகல், காய்ச்சல் இல்லை. கையில் இருந்த டயபர் தீர்ந்தது, கவலைப்படவும் இல்லை. முற்றத்தில் கழுவி விடுகிற வீட்டில் அது ஒரு பிரச்சினையே இல்லை.

வியாழன்

மாத்தூர் தொட்டிப்பாலம். இதைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன், பாலத்தின் மீது இல்லை, என் மீது.

இரண்டு மலைகளுக்கு நடுவே பரளியாறு. ஒரு பக்கத்துக் கால்வாய்த் தண்ணீரை மறு பக்கத்துக்குக் கொண்டுபோக ஆற்றுக்கு மேலே ஒரு சிமென்ட் தொட்டியையே பாலமாகக் கட்டிவிட்டார்கள். 1966இல் முடிந்தது. நீளம் 1,240 அடி, உயரம் 115 அடி, தாங்குவது 28 தூண்கள். காமராஜர் காலத்துத் திட்டம் என்று மாமனார் தன் வீட்டுச் சொத்தைக் காட்டுவது போல் காட்டினார். தண்ணீர் வந்த வருஷம் தன் அப்பா கூட்டி வந்து காட்டினாராம். கீழே தென்னை மரங்களின் தலை தெரிகிறது, மேலிருந்து பார்க்கிற தென்னை விரித்துவைத்த விசிறி மாதிரி. அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

நடுவில் போனதும் பாப்பா கையை உதறிவிட்டுச் சொன்னாள்: "சாட்டே?"

எனக்குக் கால் நடுங்கிவிட்டது. வீட்டுத் திண்ணையில் நாலு நாளாக நாங்கள் கைதட்டிப் பழக்கிய சொல். சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்த சொல். அவளுக்குத் திண்ணையும் இதுவும் ஒன்றுதான். பக்கத்தில் சுவர் இருக்கிறது, பெரிய ஆபத்து இல்லை என்று இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அவளைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, அக்கரையைப் பார்க்காமலே திரும்பி நடந்தேன். அவள் அழுத அழுகை ஆற்றின் இரண்டு கரையிலும் கேட்டிருக்கும். மாமனார் பின்னாலேயே வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கார் கதவைத் திறந்துவிட்டு மட்டும், "வெள்ளம் குடி மக்களே" என்றார். அவளிடம் இல்லை, என்னிடம். குடித்தேன்.

பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் கட்டித் தூக்கும் துணி இல்லாமல் மேலே ஏற வேண்டாம். இல்லையென்றால் கீழே ஆற்றோரம் நின்று அண்ணாந்து பாருங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து திற்பரப்பு. கோதையாறு அகலமான பாறையில் பரவி வந்து சுமார் ஐம்பது அடி இறங்குகிறது. நேற்றைய மழையால் நல்ல இரைச்சல். அருவிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு குளம் கட்டியிருக்கிறார்கள், அது போதும் எங்களுக்கு. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடித்து, அருவியைக் காட்டி "குழாய் மூடு" என்றாள். ஃபேனை அணைக்கச் சொன்ன அதே குரல். சென்னையில் தண்ணீர் லாரி வருகிற தெருவில் வளர்கிற பிள்ளை, வீணாகிறது என்று தோன்றியிருக்கலாம்.

வழியில் ஒரு பனையேறி அக்கானி விற்றார். பதநீர்தான். புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி இறக்குவது. பருவம் முடிகிற நேரம். நானும் கணவரும் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்தோம். பாப்பாவுக்கு ஒரு வாய் கொடுக்கலாமா என்று மாமனார் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். இன்றைக்கு என் சொல் செல்லுபடியானது.

வெள்ளி

கன்னியாகுமரி. சூரிய உதயம் பார்க்க மற்றவர்கள் அலாரம் வைக்கிறார்கள். எங்கள் வீட்டு அலாரம் தினமும் நாலே முக்காலுக்கு என் மூக்கில் விரலை விடும். ஆகவே முதல் ஆளாகப் போய் நின்றோம். மேகம். சூரியன் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது, வெளிச்சம் மட்டும் வந்தது. கூட்டம் ஏமாந்து கலைந்தது. பாப்பாவுக்கு ஏமாற்றம் ஒன்றுமில்லை, அவள் வந்தது கரையில் இருந்த நாய்க்காக.

கடல் கொந்தளிப்பு, படகு இப்போதைக்கு இல்லை என்றார்கள். வள்ளுவர் கால்வரை போய், 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்து விவேகானந்தர் பாறைக்குப் போக வேண்டும் என்று கணவர் திட்டம் போட்டு வந்திருந்தார். நேற்று மாத்தூரில் பட்டதே எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். காலடியில் கடல் தெரிகிற பாலம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், கடலே சொல்லிவிட்டது. 133 அடி வள்ளுவரைக் கரையிலிருந்தே பார்த்தோம். "பாட்டா" என்றாள். தாடிதான் காரணம். பக்கத்தில் நின்ற நிஜப் பாட்டா முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவரை இதுவரை ஒரு தடவைகூட அவள் அப்படிக் கூப்பிடவில்லை. தாடி இல்லை அவருக்கு.

இந்த மணலைப் பற்றி ஒரு கதை உண்டு. குமரி அம்மனுக்கு நடக்க இருந்த கல்யாணம் முகூர்த்தம் தவறி நின்றுபோனது, சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும்தான் இப்படிப் பல நிறத்தில் மணலாகிவிட்டது என்பார்கள். அத்தை கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பாப்பா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கதை கேட்டுத்தான் போட்டாளா என்று தெரியாது. கடல்நீரில் வாயைக் கழுவ முடியாது, குடிநீர் பாட்டில் காரில். ஓடினோம்.

திரும்பும் வழியில் சுசீந்திரம். பதினெட்டு அடி அனுமாருக்கு வெண்ணெய் சாத்தியிருந்தார்கள். அவளும் கேட்டாள்.

சனி, இரவு ரயிலில்

மாமனார் ஒரு சீப்பு மட்டியைப் பழுத்தும் பழுக்காததுமாகப் பார்த்து வாழைச்சருகில் கட்டிக்கொடுத்தார். அத்தை ஏத்தங்காய்ப் பொடி. இந்த முறை பூச்சி பிடிக்காது, எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுக்கிறேன். ஸ்டேஷனில் மாமனார் ஜன்னல் கம்பிக்குள் விரலை நீட்டிக்கொண்டு நின்றார். பாப்பா அந்த விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாளே தவிர ஒன்றும் பேசவில்லை. வண்டி நகர்ந்து, பிளாட்பாரம் முடிந்து, வெளியே இருட்டு வந்த பிறகு என்னைப் பார்த்து, "பாட்டா எங்க?" என்றாள். கணவர் உடனே போன் போட்டார். சிக்னல் இல்லை.

வள்ளியூர் தாண்டியதும் எழுந்து உட்கார்ந்து, "வெள்ளம்! வெள்ளம்!" என்று கத்தினாள். எதிர் பெர்த்து அம்மா போர்வையை உதறிக்கொண்டு எழுந்து, "எங்கம்மா? எந்த ஊர்ல?" என்று பதறினார். நான் பாட்டிலைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "குமரி மாவட்டமா?" என்றார்.

"அப்பா வழி," என்றேன்.

மட்டி நெல்லை வருவதற்குள் நாலு தீர்ந்துவிட்டது. பாப்பா இப்போது தூங்குகிறாள், குறுக்காக. எனக்கு அதே ஒன்றரைச் சாண்.